மூச்சையும் கணக்கில் எழுதி வைப்போம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தையொட்டி, கிளப் ஹவுஸில் நடந்த நலவாழ்வு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் வங்கியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது நம் செயலாளர், "சார், அடுத்த கூட்டத்துல நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார். வருமான வரி பற்றியோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றியோ கேட்கிறார் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். "இல்ல சார், உங்க பேரனைப் பத்தி. அந்த மூச்சு டெஸ்டைப் பத்தி" என்றார். எனக்கு யோசனையாக இருந்தது. நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேரனிடமே கேட்டேன். "என் பேரைச் சொல்லாதீங்க தாத்தா, நம்பரை மட்டும் சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்தான். ஆகவே இன்று எண்களைத்தான் பேசப் போகிறேன். மருந்து, சிகிச்சை என்று நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதற்கு அவரவர் மருத்துவர் இருக்கிறார். ஒரு பரிசோதனை அறிக்கையை வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் படிக்க வேண்டும், நாங்கள் எங்கே தவறினோம் என்பதைச் சொல்கிறேன்.

என் பேரனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாலையில் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட்டுக்கு அம்பயர் வேலை பார்ப்பவன். அவனுக்கு இருப்பது டுஷேன் தசைச் சிதைவு நோய். 19-ஆம் நூற்றாண்டில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டுஷேனின் பெயரால் அழைக்கிறார்கள். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். தசை கெடாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாவதில்லை. மரபணுவில் வரும் கோளாறு. யாரும் செய்த தவறு இல்லை, எதையும் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. முதலில் மாடிப்படி ஏறுவது கஷ்டமாகும், பிறகு நடப்பது. என் பேரன் 10 வயதில் நடப்பதை நிறுத்தினான்.

நடை நின்றது கண்ணுக்குத் தெரிந்தது, மூச்சு குறைந்தது தெரியவில்லை. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

இந்த நோயில் நுரையீரல் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பழுதாவது அதை இயக்குகிற தசைகள். மூச்சை இழுப்பதும் விடுவதும் நுரையீரல் தானாகச் செய்கிற வேலை இல்லை. அதற்குக் கீழே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது, விலா எலும்புகளுக்கு இடையிலும் தசைகள் இருக்கின்றன. துருத்தி நன்றாக இருந்து அதை அழுத்துகிற கை சோர்ந்துபோனால் எப்படியோ அப்படி. நம்மைப் போன்றவர்களுக்கு மூச்சு குறைந்தால் மாடி ஏறும்போது தெரிந்துவிடும். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை மாடி ஏறப் போவதில்லை, ஓடப் போவதில்லை. அதனால் அவனுக்கு மூச்சு வாங்காது. "மூச்சு விடக் கஷ்டமா இருக்காடா?" என்று கேட்டால் இல்லை என்பான். அவன் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் அவனுக்கே அது பழகிப்போயிருக்கும்.

அதனால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. அளக்கும் முறைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த உருளை ஒன்றை வைத்து இதைச் செய்து காட்டினார். ஊதுகிற காற்றுக்கு ஏற்ப உருளை மேலே எழும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், மல்யுத்த வீரர்கள் என்று எல்லோரையும் ஊத வைத்து அளந்தார். ஆயுள் காப்பீடு கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கவும் இது உதவும் என்பது அவர் எண்ணம். அவர் கண்டுபிடித்ததில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் ஊதக்கூடிய காற்றின் அளவு அவருடைய உயரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்பது அது. இந்த உயரம் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

இப்போது கருவி கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுப்பார்கள். உதடு இறுக மூடியிருக்க வேண்டும். முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, முழு வேகத்தில் வெளியே விட்டு, உள்ளே இருப்பது தீரும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி வெளியே வந்த மொத்தக் காற்றுக்கு எஃப்.வி.சி. என்று பெயர், லிட்டரில் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திரையில் மெழுகுவத்தி படம் வரும், ஊதினால் அணையும். பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியன் "ஊது, ஊது, இன்னும், இன்னும், விடாதே" என்று கத்துவார். முதல் முறை கேட்டபோது யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து உள்ளே ஓடினேன். அந்தச் சத்தமும் பரிசோதனையில் சேர்த்திதான். பிள்ளை முழு முயற்சி எடுக்காவிட்டால் வருகிற எண்ணுக்கு மதிப்பு இல்லை.

ஒரு தடவை ஊதினால் போதாது. சரியாக ஊதியவை குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 6 வயதும் அதற்குக் கீழும் என்றால் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். கேஷ் கவுன்டரில் ஒரு கட்டை இரண்டு முறை எண்ணி, இரண்டும் ஒத்து வந்தால்தான் கீழே வைப்போம். அதே கதைதான். சாதாரணமாக 5, 6 வயதிலிருந்து பிள்ளைகள் இதைச் செய்துவிடுவார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

பேரனுக்கு 10 வயதில் எடுத்த அறிக்கையில் எஃப்.வி.சி. 1.5 லிட்டர். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியது 2 லிட்டர். அதாவது 75 சதவீதம். பரவாயில்லை, வருடா வருடம் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக்கூடம் இருந்ததால் அங்கேயே எடுத்தோம். பெயர் எதற்கு, விடுங்கள். அடுத்த வருடம் 1.6 லிட்டர், 78 சதவீதம். 13 வயதில் 1.5 லிட்டர், 71 சதவீதம். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு வரிசையாக எழுதி வைத்திருந்தேன். 1.5, 1.6, 1.5. எனக்கு ரொம்பத் திருப்தி. மகளிடம் சொன்னேன், "பாரும்மா, கால்தான் போச்சு, மூச்சு அப்படியே நிக்குது" என்று. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நானே அதை நம்பினேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கிற சாதாரணச் சளிதான். எங்கள் வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தது. விரலில் மாட்டிப் பார்த்தோம், 96. நல்லாத்தானே இருக்கு என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் இருமவே முடியவில்லை. சளி தொண்டையில் நிற்பது நமக்குக் கேட்கிறது, அவனால் வெளியே கொண்டுவர முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ். நம் ஏ பிளாக் தம்பி ஒருவர் பனியனோடு ஓடி வந்து நாற்காலியை இறக்கிக் கொடுத்தார். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் 9 நாட்கள்.

அங்கே நுரையீரல் மருத்துவர் ஒருவர் பழைய அறிக்கைகளைக் கேட்டார். என் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பையன் உயரம் என்ன?" என்று கேட்டார். மகள், "133 சென்டிமீட்டர் டாக்டர், அதுலயே இருக்கே" என்றாள். அவர் கட்டிலில் படுத்திருந்தவனைப் பார்த்தார். ஒரு இன்ச் டேப் கொண்டுவரச் சொன்னார். அவன் கைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தார். 147.

நடப்பதை நிறுத்தியபோது கடைசியாக நின்று அளந்த உயரம் 133. அதற்குப் பிறகு அவனால் நிற்க முடியாததால் யாரும் அளக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் பழைய உயரத்தையே கணினியில் போட்டிருக்கிறார்கள். நாங்களும் கேட்டபோதெல்லாம் அதையே சொல்லியிருக்கிறோம். பிள்ளை உட்கார்ந்தபடியே 14 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். 133 சென்டிமீட்டர் பையனுக்கு இருக்க வேண்டிய காற்று வேறு, 147 சென்டிமீட்டர் பையனுக்கு இருக்க வேண்டியது வேறு. சரியான உயரத்தைப் போட்டால் இருக்க வேண்டியது 2.6 லிட்டர். அவனிடம் இருந்தது அதே 1.5. சதவீதம் 71 இல்லை, 58.

வங்கியில் வேலை செய்தவனுக்கு இது புரியாமல் இருக்குமா? கணக்கில் இருப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டே போகிறது. நான் இருப்பை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். வளர்கிற பிள்ளைக்கு லிட்டர் கூட வேண்டும். அது அப்படியே நின்றாலே குறைகிறது என்று அர்த்தம். பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள், டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் சரியாக வந்தாலும் உள்ளே சில வகைப் பிழைகள் தெரியாமல் இருக்கும் என்று. மூன்று அறிக்கையிலும் உயரம் 133 என்று அச்சடித்துத்தான் இருந்தது. 10 வயதிலும் 133, 13 வயதிலும் 133. மற்றவர்கள் எழுதிய லெட்ஜரை வாழ்நாள் முழுக்கச் சரிபார்த்தவன் நான். அந்த வரியை என் கண் பார்க்கவே இல்லை.

58-க்கும் 71-க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். 2018-ல் லான்செட் நியூராலஜி இதழில் இந்த நோய்க்கான பராமரிப்பு வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. மருத்துவர்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறார்கள். 5, 6 வயதிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறையாவது எஃப்.வி.சி. அளக்க வேண்டும். நடை நின்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால், மூச்சின் மேல் மூச்சு அடுக்கி நுரையீரலை விரிக்கிற பயிற்சியைத் தொடங்க வேண்டும். 50-க்குக் கீழே போனால் இரவில் மூச்சுக்கு உதவுகிற கருவி வேண்டும். அதற்கு முன்பே தூக்கத்தில் மூச்சு குறைவதற்கான அறிகுறி தெரிந்தாலும் வேண்டும். இருமலின் வேகத்தையும் தனியாக அளக்கிறார்கள். அது நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சளியை வெளியேற்ற உதவி தேவை. என் பேரனுக்கு அன்று 210. சளி ஏன் தொண்டையிலேயே நின்றது என்பது அப்போதுதான் புரிந்தது. நல்ல இருமலுக்கு நிறையக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், தொண்டையை மூடி அழுத்தம் சேர்க்க வேண்டும், பிறகு வெடித்தாற்போல் விட வேண்டும். மூன்றுக்கும் தசை வேண்டும்.

இந்த எண்கள் சளி பிடிப்பதற்கு முன்பே சரியாகத் தெரிந்திருந்தால் வீட்டிலேயே இருமலுக்கு உதவி செய்யப் பழகியிருப்போம். 9 நாட்கள் தேவைப்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தயாராகவாவது இருந்திருப்போம்.

ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. அது ஆக்ஸிஜனை மட்டும்தான் காட்டும். மூச்சுத் தசை சோர்ந்த பிள்ளைக்கு முதலில் வருகிற தொந்தரவு கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவது. அதுவும் தூக்கத்தில். விரலில் 96, 97 என்று இருக்கும்போதே உள்ளே அது சேர்ந்துகொண்டிருக்கலாம். அதைக் காண வேறு கருவியோ ரத்தப் பரிசோதனையோ வேண்டும். பேரனுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். விடியற்காலையில் கரியமில வாயு கூடியிருந்தது.

அப்போது மருத்துவர் எங்களிடம் சில கேள்விகள் கேட்டார். காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறானா? என்கிறான், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தோம். காலையில் சாப்பிட மறுக்கிறானா? ஆமாம். ராத்திரி அடிக்கடி எழுப்பித் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறானா? ஆமாம். வகுப்பில் தூங்குகிறானா? இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் பள்ளியிலிருந்து புகார் வந்தபோது, "ராத்திரி மொபைல் பார்க்குறதுதான் காரணம்" என்று அவனைத் திட்டிப் போனைப் பிடுங்கி வைத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். 13 வயதுப் பிள்ளை, அவன் உடம்பு, அவனுக்குத் தெரிய வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு, "தாத்தா, பேங்க்ல இருந்தப்பவும் இப்படித்தான் பழைய ரேட்லயே வட்டி போடுவீங்களா?" என்றான். அவன் அம்மா அதட்டினாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்த பிறகு பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது இரவில் பைபேப் கருவி வைத்துத் தூங்குகிறான். மூக்கில் முகமூடி போல் மாட்ட வேண்டும். அவன் மூச்சு இழுக்கும்போது கருவி காற்றைக் கூட்டித் தள்ளும், விடும்போது குறைக்கும். முதல் இரண்டு ராத்திரி கழற்றி எறிந்தான். மூன்றாவது வாரம் காலை ஏழு மணிக்கு, "அம்மா, இன்னொரு தோசை" என்ற குரல் கேட்டது. தலைவலி போய்விட்டது. வகுப்பில் தூங்குவதில்லை, பேசுகிறான் என்று புகார் வருகிறது. பகலில் இரண்டு வேளை, கையால் அழுத்துகிற ஆம்பு பையை வைத்து மூச்சடுக்குப் பயிற்சி. காலையில் மகள், மாலையில் நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் எண் ஏறாது. இப்போது 14 வயது தாண்டிவிட்டது, கடைசி அறிக்கை 1.4 லிட்டர், 52 சதவீதம். மெதுவாக இறங்கத்தான் செய்யும். பரிசோதனையால் நோய் குணமாகாது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால், அடுத்த படி வருமுன் கையைப் பிடிக்க ஆள் தயாராக இருக்கலாம். எங்களுக்கு இந்தப் பரிசோதனை அவ்வளவுக்குத்தான், அதுவே பெரிய உதவி.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நம் குடியிருப்பில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வந்த குழந்தை உள்ள வீடும் இருக்கலாம். மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட சில குழந்தைகளுக்கு, மாதங்கள் கழித்து நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சுருங்குகிற சிக்கல் வருவதுண்டு. குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே ஊதுகிற பரிசோதனையில் இறக்கம் தெரிந்துவிடலாம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். புற்றுநோய் மருந்துகளில் சில, மார்புக்குக் கொடுக்கிற கதிர்வீச்சு, இவையும் நுரையீரலைப் பாதிக்கக் கூடியவை. அவர்களுக்கு ஆக்ஸிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போகிற திறனை அளக்கத் தனிப் பரிசோதனை உண்டு. ஊதத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு, சாதாரணமாக மூச்சு விடும்போதே மெல்லிய காற்றதிர்வுகளை அனுப்பி அளக்கிற ஆசிலோமெட்ரி என்ற முறையும் இருக்கிறது. நோய் எதுவானாலும் குழந்தை நன்றாக இருக்கும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பிறகு குறைந்ததா என்று சொல்ல முடியும். ஆரம்ப இருப்பு எழுதாமல் கணக்கு தொடங்க முடியாது.

ஆகவே, இப்படிக் குழந்தை உள்ள வீட்டாருக்கு, என் அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலாவது, அறிக்கை கைக்கு வந்ததும் சதவீதத்தைப் பார்க்கும் முன் பெயர், வயது, உயரம் மூன்றையும் பாருங்கள். நிற்க முடியாத பிள்ளை என்றால் கை விரிப்பை அளக்கச் சொல்லுங்கள். முழங்கை மடங்கி நீட்ட முடியாவிட்டால், முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து கணக்கிடுகிற முறையும் உண்டு. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கும் இது அவசியம். வளைந்த முதுகோடு அளந்த உயரம் குறைவாகத்தான் வரும்.

இரண்டாவது, முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். "இருக்க வேண்டிய அளவு" என்பதைக் கணக்கிடச் சூத்திரங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. 2012-ல் உலக அளவில் தொகுத்த ஒன்று 3 வயது முதல் 95 வயது வரை பொருந்தும். இனப் பிரிவு பார்க்காத புதிய முறை 2022-ல் வந்தது. இடம் மாறினால் சூத்திரம் மாறலாம், சூத்திரம் மாறினால் பிள்ளையின் மூச்சு மாறாமலே சதவீதம் மாறும். அதனால் நோட்டில் லிட்டரையும் எழுதுங்கள், சதவீதத்தையும் எழுதுங்கள், எந்த முறை என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, தசை நோய் உள்ள பிள்ளைக்கு உட்கார்ந்தும் மல்லாந்து படுத்தும் அளப்பது உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுத்தால் அளவு நன்றாகக் குறைந்தால் உதரவிதானம் சோர்ந்திருக்கிறது என்று பொருள். இருமல் வேகத்தையும் கேளுங்கள். உதடு இறுக மூட முடியாத பிள்ளைக்குக் குழாய்க்குப் பதில் முகமூடி வைத்து அளக்கலாம்.

நான்காவது, அன்று பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிறு முட்டச் சாப்பாடு, தூக்கமின்மை ஏதாவது இருந்ததா என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். ஒரு நாள் எண் குறைந்ததும் பதற வேண்டாம், ஒரு நாள் கூடியதும் நிம்மதியாகிவிட வேண்டாம். மூன்று நான்கு பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

ஐந்தாவது, அவசர சிகிச்சைக்குப் போகும்போது அந்த நோட்டையும் பைபேப் கருவியையும் எடுத்துப் போங்கள். மூச்சுத் தசை பலவீனம் உள்ள பிள்ளை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கரியமில வாயுவைப் பார்க்காமல் ஆக்ஸிஜன் மட்டும் வைத்தால், விரல் எண் அழகாக ஏறும். தேங்கியது தேங்கியபடியே இருக்கும். இதை எங்கள் மருத்துவர் ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாற்காலிப் பையிலேயே இருக்கிறது.

கடைசியாக நம் சங்கத்துக்கும் உங்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

பைபேப் மின்சாரத்தில் ஓடுவது. எங்களிடம் இருக்கிற பேட்டரி சில மணி நேரம் தாங்கும், ஒரு ராத்திரி முழுக்கத் தாங்காது. புயல் மழைக் காலத்தில் நம் பகுதியில் எவ்வளவு நேரம் மின்சாரம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். பொது ஜெனரேட்டரிலிருந்து எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் இணைப்பு கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். செலவு எங்களுடையது, டீசல் பங்கும் கொடுத்துவிடுகிறேன். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக்கு என்று முடிவெடுக்க வேண்டாம். மருத்துவக் கருவியில் மூச்சு விடுகிறவர் எந்த வீட்டில் இருந்தாலும், மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் ஒரு பாயின்ட் என்று விதியாகவே எழுதிவிடுங்கள். நாளைக்கு அது நம்மில் யாருக்கும் தேவைப்படலாம், வயதான நமக்கும்தான்.

லிஃப்ட் பராமரிப்புக்கு நிறுத்துவதாக இருந்தாலும், கொசுப் புகை அடிப்பதாக இருந்தாலும், முதல் நாளே குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும். ஜன்னலை மூடிக்கொள்வோம், போக வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய்வருவோம்.

உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் பேரனைப் பார்க்க இரண்டு நாள் கழித்து வாருங்கள், அல்லது முகக்கவசம் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள். அவனுக்கு ஆட்கள் வேண்டும்.

அடுத்த பரிசோதனை வருகிற மாதம். இந்த முறை இன்ச் டேப்பை அவனே எடுத்து வைத்திருக்கிறான். ஊதுகிற அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன், அந்தச் சத்தத்துக்கு இப்போதெல்லாம் பயப்படுவதில்லை.